இன்னொரு மணிக்கு இடம்

மணி கோக்கும் ப்ரேஸ்லெட்டைப் பரிசாகக் கொடுப்பவர் அன்றைக்கே முழுதாகக் கொடுத்துவிடுவதில்லை. ஒரு வெள்ளிச் சங்கிலி, அதற்கொரு கொக்கி, ஒரே ஒரு மணி. மீதிச் சங்கிலி வெறுமையாக இருக்கும். போட்டுக்கொண்டவள் கையை ஆட்டினால் அந்த ஒற்றை மணி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடும். கொடுத்தவர், வாங்கியவள் இருவர் கண்ணும் அந்த வெற்றிடத்தின் மேல்தான் இருக்கும். அடுத்த மணி எப்போது, எதற்காக என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனாலும் அங்கே ஒரு பேச்சு தொடங்கிவிடுகிறது. அது அன்றோடு முடிகிற பேச்சில்லை.

சில வருஷங்களாக இந்த மணிகளைச் சேர்த்து வருகிறேன். எனக்கென்று வைத்துக்கொள்வது குறைவு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகளுக்கும், பழைய சிநேகிதிகள் சிலருக்கும் கொடுக்கத்தான் பெரும்பாலும். வாங்கும்போதும் கொடுக்கும்போதும் மனதில் ஓடியதை இந்த நோட்டில் அவ்வப்போது எழுதிவைக்கிறேன்.

*

இன்று எல்லா ஊர்க் கடைகளிலும் கிடைக்கும் இந்த வகை ப்ரேஸ்லெட் வளர்ந்த ஊர் கோபன்ஹேகன். 1976இல் ஸ்வென்ட் நீல்சன் என்ற வெள்ளி வேலைக்காரரின் பட்டறையில், அவர் மகன் சோரன் முகங்கள் செதுக்கிய ஒரு சின்ன மணியைச் செய்தார். ட்ரோல்பீட்ஸ் என்ற பெயரில் அது பெருகியது. 1982இல் அதே ஊரில் பெர் எனவோல்ட்சன், வின்னி என்ற தம்பதி ஒரு சிறிய நகைக்கடை திறந்தார்கள். அதுதான் பண்டோரா. தாய்லாந்திலிருந்து நகை தருவித்து விற்றவர்கள், 1989இலிருந்து அங்கேயே செய்யத் தொடங்கினார்கள். மணி ப்ரேஸ்லெட் 2000இல் வந்தது.

இரண்டுக்கும் அமைப்பில் வேறுபாடு உண்டு. பண்டோராவின் பழைய வகைச் சங்கிலியில் இரண்டு இடங்களில் மரை போட்ட வளையம் இருக்கும். மணியின் துளைக்குள்ளும் மரை. அந்த வளையத்தைத் தாண்ட மணியைத் திருகித்தான் நகர்த்த வேண்டும். இதனால் சங்கிலி மூன்று அறைகளாகப் பிரிந்து, மணிகள் ஒரே பக்கம் குவியாமல் இருக்கும். ட்ரோல்பீட்ஸில் அப்படித் தடுப்பு இல்லை. மணிகள் வழுக்கிக்கொண்டு ஓடும், ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும், கையை இறக்கினால் எல்லாம் கீழே வந்து சேரும். எனக்குப் பிடித்தது இதுதான். போன வருஷத்து மணி இந்த வருஷத்து மணியை நெருங்கி நிற்கட்டும்.

அளவு எடுப்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. மணிக்கட்டை நூலால் சுற்றி அளந்து, சுமார் 2 செ.மீ. கூட்டி வாங்கச் சொல்வார்கள். மணியின் பருமன் வெளிப்பக்கம் மட்டுமல்லாமல் உள்பக்கமும் இருப்பதால், மணி சேரச் சேர உள்சுற்று குறைந்துகொண்டே வரும். முதல் நாள் தொளதொளவென்று கிடப்பது நிறைய நிறையக் கையோடு படியும். முதல் நாளே கச்சிதமாக வாங்கிக் கொடுத்தால் பாதி நிறைவதற்குள் இறுக்க ஆரம்பித்துவிடும். அதனால் இன்றைய கைக்கு அளந்து வாங்கக் கூடாது. இன்னும் வராத மணிகளுக்கும் சேர்த்தே அளக்க வேண்டும்.

*

கண்ணாடி மணிகளில்தான் எனக்கு ஈடுபாடு அதிகம்.

செய்முறையைச் சொல்வது எளிது, கைக்கு வர வருஷங்கள் ஆகும். மெல்லிய எஃகுக் கம்பியில் களிமண் குழம்பு பூசிக் காயவைக்கிறார்கள். ஒரு கையில் கம்பி, மறு கையில் கண்ணாடிக் குச்சி. தீயில் குச்சியின் முனை இளகும்போது, கம்பியைச் சுழற்றிச் சுழற்றி அதன்மேல் கண்ணாடியை வாங்கிக்கொள்ள வேண்டும். சுழற்சி ஒரு கணம் நின்றால் மணி ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். புள்ளி, கோடு, நிறத்துக்குள் நிறம் எல்லாம் அந்தச் சுழற்சி நிற்பதற்குள் வைத்தாக வேண்டும். பிறகு சூளையில் வைத்து மெள்ள ஆறவிடுகிறார்கள். அவசரமாக ஆறினால் மேற்பரப்பு முந்திச் சுருங்கி, உட்பகுதி பிந்தும். அந்த இழுபறி மணிக்குள்ளேயே தங்கிவிடும். சில மணி உடனே விரிசல் விடும். சில மணி நன்றாக இருப்பதுபோல் இருந்து, யார் கையிலோ போய், ஒருநாள் காரணம் தெரியாமல் பிளக்கும். சரியாக ஆறியதைக் கம்பியிலிருந்து உருவினால் களிமண் பொடிந்து வந்துவிடும். கம்பி இருந்த இடம் துளை.

வெனிஸுக்குப் பக்கத்தில் முரானோ தீவின் பெயரால் இந்த வகை மணிகள் உலகெங்கும் அறியப்படுகின்றன. 2020இல் இத்தாலியும் பிரான்ஸும் சேர்ந்து விண்ணப்பித்ததில் கண்ணாடி மணிக் கலை யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. வெனிஸில் மணி செய்தவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு அங்கே நெருக்கமானவர்கள் கோத்தவர்கள். அவர்களை இம்பிராரெஸ்ஸே என்பார்கள். வீட்டு வாசலில், சந்து நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் மரத்தட்டு நிறையப் பொடிமணிகளை வைத்துக்கொண்டு, நீள ஊசிகளை விசிறிபோல் விரித்துப் பிடித்து அந்தக் குவியலுக்குள் நுழைத்து எடுப்பார்கள். ஒரு வீச்சில் எல்லா ஊசிகளிலும் மணி ஏறிவிடும். கூலி மிகக் குறைவு. அவர்கள் கோத்த சரங்கள் கப்பலேறி எந்தெந்தக் கண்டத்துக்கோ போயின.

மணியைக் கப்பலேற்றுவதில் நம் கரைக்கு இன்னும் பழைய அனுபவம் உண்டு. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். அங்கே கிடைத்த சின்னச் சின்ன ஒற்றை நிறக் கண்ணாடி மணிகளைப் பின்னாளில் ஆராய்ந்த பீட்டர் பிரான்சிஸ், இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயரிட்டார். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து கொரியா வரை அந்த வகை மணிகள் கிடைத்திருக்கின்றன. அவை கம்பியில் சுற்றிச் செய்தவை அல்ல. இளகிய கண்ணாடிப் பிண்டத்துக்குள் துளையை வைத்து, நீளக் குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடேற்றி ஓரம் மழுக்கியவை. ஆந்திரத்தில் ஸ்ரீகாளஹஸ்தி பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில் அதே முறை இருபதாம் நூற்றாண்டிலும் கைத்தொழிலாக இருந்தது.

இழுத்துச் செய்யும் மணிகள் ஒரே பிரசவத்தில் ஆயிரக்கணக்கில் பிறக்கின்றன. சுற்றிச் செய்யும் மணி ஒவ்வொன்றாகத்தான் பிறக்கும். ஒரே ஆள், ஒரே நிறக் குச்சிகள், ஒரே வேலை நாள் என்றாலும் ஒரு மணி இன்னொன்றாக இருக்காது. கடையில் ஒரே எண் போட்ட மணிகளை வரிசையாக வைக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் எடுக்கிறேன். கடைப் பெண்கள் பொறுமையாக இருக்கிறார்கள். பொறுமை இல்லாத கடையில் நான் வாங்குவதில்லை.

*

கடைகளில் மணிகளை வாழ்க்கை வாரியாகப் பிரித்து வைத்திருப்பார்கள். அம்மா, பாட்டி, பட்டமளிப்புத் தொப்பி, விமானம், நாய்க்குட்டி, கேக், குழந்தையின் பாதம். வாங்க வருகிறவர்களுக்கு அது வசதி. ஆனால் படம் போட்ட மணி, தான் என்ன சொல்ல வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு வருகிறது. விமான மணி எந்த வருஷமும் விமானம்தான். கொடுக்கிறவர் அதற்குள் எதையும் வைக்க முடியாது.

தங்கை மகளுக்கு ஒரு வருஷம் சரியாக இல்லை. ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். மாதக்கணக்கில் யாரிடமும் பேசவில்லை. அவள் அம்மா போனில் அழுவாள். பிறந்த நாள் வந்தது. வழக்கமாக மணி கொடுக்கிற நாள். அந்த வருஷத்துக்கான மணி எந்தக் கடையின் எந்தத் தட்டிலும் இருக்க முடியாது. கொடுக்காமல் விட்டுவிடலாம், பிறகு நல்ல வருஷத்தில் சேர்த்துக் கொடுத்துக்கொள்ளலாம் என்று தங்கை சொன்னாள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த வருஷத்தை மட்டும் சரத்திலிருந்து விட்டுவிட்டால், அது நடந்திருக்கவே கூடாது என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவளிடம் சொன்னதுபோல் ஆகிவிடும்.

கருநீலக் கண்ணாடி மணி ஒன்றை எடுத்தேன். உள்ளே கொஞ்சம் ஓரமாக ஒரு காற்றுக்குமிழ். கொடுத்தபோது திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எதுக்கு பெரிம்மா?"

"இந்த வருஷத்துக்கு."

வேறெதுவும் கேட்கவில்லை. அன்று கோக்கவும் இல்லை. சில வாரம் கழித்துப் பார்த்தபோது கொக்கிக்கு அடுத்து, மணிக்கட்டின் உள்பக்கம் திரும்புகிற இடத்தில் அது இருந்தது. இன்று வரை இடம் மாற்றவில்லை.

ஒரு மணியைத் தேர்ந்தெடுக்க எனக்கு நாளாகிறது. விலை யோசிப்பதால் இல்லை. இந்த வருஷம் இவளுக்கு என்ன நடந்தது என்ற கேள்விக்கு எனக்கு உண்மையாகவே பதில் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். தெரியாவிட்டால் மணி வாங்கப் போவதற்கு முன் அவளிடம் போன் போட்டுப் பேசுகிறேன். சில வருஷம் அந்தப் பேச்சே பெரிதாகி, மணி பின்னால் போய்விடும். அது நல்லதுதான்.

*

விக்டோரியா மகாராணியின் கைச்சங்கிலி ஒன்று பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் இருக்கிறது. தங்கச் சங்கிலியில் எனாமல் பூசிய சின்னச் சின்ன இதயங்கள் தொங்குகின்றன. 1840 நவம்பரில் முதல் குழந்தை பிறந்தபோது கணவர் ஆல்பர்ட் கொடுக்கத் தொடங்கியது. பிள்ளைக்கு ஒரு இதயம், ஒவ்வொன்றும் தனி நிறம். முதல் பெண்ணுக்கு ரோஜா நிறம். 1857இல் பிறந்த கடைக்குட்டி பீட்ரிசுக்கு இளம்பச்சை. ஒவ்வொரு இதயத்தின் உள்ளேயும் அந்தந்தப் பிள்ளையின் முடி. மொத்தம் 9.

சேர்த்துக்கொண்டே போகும் கைச்சங்கிலியை மேற்கு நாடுகளில் பிரபலமாக்கியவர் அவர்தான் என்று எழுதுவோர் உண்டு. என் மனம் போவது வேறு இடத்துக்கு. ஆல்பர்ட் 1861இல் இறந்தார். கொடுத்த கை நின்றுவிட்டது. ஆலிஸ் 1878இல், லியோபோல்ட் 1884இல், ஆல்ஃபிரட் 1900இல். மூன்று பிள்ளைகள் தாய்க்கு முன்னால் போனார்கள். மகாராணி 1901 ஜனவரியில் இறந்தார். சங்கிலியில் இதயங்கள் ஒன்பதாகவே இருந்தன. பிறந்த நாளில் சேர்ந்தது இறந்த நாளில் கழிவதில்லை.

என் சிநேகிதி ஒருத்தி, கணவரைப் பிரிந்தபோது, அவர் கொடுத்த மணிகளை எல்லாம் கழற்றி ஒரு சின்ன டப்பாவில் போட்டாள். சரம் பாதியாகிவிட்டது. கொஞ்ச நாளில் அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துத் திரும்பக் கோத்துக்கொண்டாள். மகன் பிறந்தபோது கொடுத்தது. அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. எந்த மணி இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்பது சரத்தின் சொந்தக்காரி மட்டும் முடிவு செய்ய வேண்டியது. கொடுத்தவருக்குக்கூட அதில் பங்கில்லை என்று நினைக்கிறேன்.

*

நம்மிலும் குழந்தைக்கு உருக்கள் கோத்துக் கட்டுவது பழைய வழக்கம். திருமாலின் சங்கு, சக்கரம், வாள், வில், கதை ஐந்தையும் சின்னச் சின்னதாகச் செய்து பிள்ளைகளுக்கு அணிவித்தார்கள். ஐம்படைத்தாலி. யாழ்ப்பாணத்தில் இன்றும் பிறந்த குழந்தைக்குப் பஞ்சாயுதம் போடுகிறார்கள். எங்கள் பக்கம் வசம்பு வளையல், கருகமணி, வெள்ளி அரைஞாணில் தாயத்து. எல்லாம் காவலுக்கு.

இவற்றுக்கும் டென்மார்க் மணிகளுக்கும் நடுவே ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. நம்முடையவை கழற்றுவதற்காகக் கட்டியவை. புறநானூற்றின் 77ஆம் பாட்டில் இடைக்குன்றூர் கிழார், இளம் பாண்டியன் நெடுஞ்செழியன் போர்க்களத்தில் நிற்பதைப் பாடுகிறார். பிள்ளைப் பருவத்துத் தாலியைக்கூட அவன் இன்னும் களையவில்லை, பாலை விட்டுச் சோறு உண்டதே இன்றுதான் என்கிற மாதிரி வியக்கிறார். கழற்றினால் வளர்ந்துவிட்டான் என்று பொருள். ஆபத்தைத் தாண்டிவிட்டான், இனி தன்னைத் தானே காத்துக்கொள்வான்.

அங்கே வளர வளரச் சேர்க்கிறார்கள். இங்கே வளர்ந்ததும் கழற்றுகிறோம். குழந்தைகள் அதிகம் இறந்த காலத்தில், கழற்றும் நாள் வந்தது என்பதே பெரிய பரிசாக இருந்திருக்கும். இன்று அந்தப் பயம் பெருமளவு குறைந்துவிட்டது. பிள்ளை பிழைக்குமா என்ற கவலை போய், எங்கோ தூர ஊரில் இருக்கும் பிள்ளை எப்படி இருக்கிறது என்ற கவலை வந்திருக்கிறது. அந்தக் கவலைக்கு இந்த மணி பொருந்துகிறது. காவல் காக்கும் என்று நான் நம்பவில்லை. காவலுக்கு நிற்கவும் முடியாத தூரத்திலிருந்து கவனிக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தால் போதும்.

*

பண்டோரா மணிகள் செய்யப்படுவது தாய்லாந்தில், பாங்காக்கிலும் வடக்கே லம்பூனிலும். ரப்பர் அச்சில் மெழுகை ஊற்றி உரு எடுத்து, அந்த மெழுகு உருக்களைக் கிளை கிளையாக ஒரு தண்டில் ஒட்டி, மேலே சாந்து ஊற்றி இறுகவிட்டு, சூடேற்றி மெழுகை வெளியேற்றி, அந்த இடத்தில் வெள்ளியை ஊற்றுகிறார்கள். சுவாமிமலை ஸ்தபதிகளுக்குத் தெரிந்த வித்தைதான். அங்கே ஒரு மெழுகுக்கு ஒரு விக்கிரகம். இங்கே ஒரு ஊற்றில் பல மணிகள். அப்புறமும் ஒவ்வொரு மணியையும் நறுக்கி, தேய்த்து, கல் பதித்து, பள்ளங்களைக் கறுப்பாக்கி, மேட்டை மெருகேற்றுவது கைகள்தான். பெரும்பாலும் பெண்களின் கைகள்.

2024 தொடக்கத்தில் அந்த நிறுவனம், சுரங்கத்திலிருந்து புதிதாக எடுத்த வெள்ளியையும் தங்கத்தையும் வாங்குவதை நிறுத்திவிட்டதாக அறிவித்தது. இனி எல்லாம் மறுசுழற்சி உலோகம். ஒரு மணிக்குள் யாருடைய தேய்ந்த கரண்டியும், யாருடைய பழைய மின்கருவியின் உள்ளுறுப்பும் இருக்கலாம். பரிசு என்றால் கொடுப்பவர், வாங்குபவர் என்று இருவரைத்தான் நினைக்கிறோம். நடுவே இத்தனை பேர்.

*

தங்கை மகள் 2024 மார்ச்சில் சிங்கப்பூர் தேசிய அரங்கில் டெய்லர் ஸ்விஃப்ட் கச்சேரிக்குப் போனாள். அங்கே ஆறு இரவு நடந்தது. போவதற்கு முன் பல வாரம் இரவில் உட்கார்ந்து எலாஸ்டிக் நூலில் பிளாஸ்டிக் எழுத்துமணி கோத்தாள். ரசிகர்கள் ஒருவருக்கொருவர் ப்ரேஸ்லெட் மாற்றிக்கொள்வது அந்தக் கச்சேரிகளின் வழக்கம். அவள் முழங்கை வரை போட்டுக்கொண்டு போய், முழங்கை வரை வேறு யாருடையதோ போட்டுக்கொண்டு வந்தாள். பெயர் தெரியாதவர்கள், மறுபடி பார்க்கப் போகாதவர்கள் கோத்தவை.

வீடியோ அழைப்பில் எனக்கும் கோக்கக் கற்றுக்கொடுத்தாள். கோப்பதற்கு முன் எலாஸ்டிக்கை நன்றாக இழுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் போட்டுக் கழற்றியதும் தானாக நீண்டு, மணிகளுக்கு நடுவே நூல் தெரியும். முடிச்சு ஒரு சுற்று போதாது. முதல் முடிச்சில் நூலை இரண்டு முறை வளைத்து இறுக்க வேண்டும். ஒரு சொட்டுப் பசை வைத்து, முடிச்சைப் பெரிய துளையுள்ள மணிக்குள் இழுத்துவிட வேண்டும்.

நான் மணி கொடுக்கிற விதத்துக்கு இது நேர் எதிர். தொடர்ச்சி இல்லை. நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அவள் அதைச் சொன்னபோது முகத்தில் இருந்த மகிழ்ச்சி, நான் கொடுத்த எந்த வெள்ளி மணிக்கும் வந்ததில்லை. அறியாதவருக்காக உட்கார்ந்து கோப்பதும் அன்புதான். அதை நான் சிறிதாக நினைக்க மாட்டேன்.

*

வெள்ளி கறுப்பது காற்றிலும் வேர்வையிலும் இருக்கும் கந்தகத்தால். 925 என்று முத்திரை இருந்தால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. மீதி பெரும்பாலும் செம்பு. செம்பு இல்லாவிட்டால் வளைந்துவிடும். ஆனால் செம்பு இருப்பதால் கறுப்பும் சீக்கிரம் ஏறும்.

கடையில் விற்கும் வெள்ளி கழுவும் திரவத்தில் மணிகளை முக்கக் கூடாது. வேலைப்பாட்டின் பள்ளங்களில் வேண்டுமென்றே ஏற்றிய கறுப்பையும் அது சேர்த்துக் கரைத்துவிடும். பிறகு முகம் முகமாகத் தெரியாது, மழுங்கிய வெள்ளிக் கட்டியாகத் தெரியும். முத்தும் நீலப்பச்சைக் கல்லும் அதில் கெட்டே போகும். எங்கள் வீட்டில் வெள்ளி விளக்குக்குச் செய்வதைத்தான் இதற்கும் செய்கிறேன். கொஞ்சம் விபூதியை மெல்லிய பருத்தித் துணியில் எடுத்து, மேட்டை மட்டும் துடைக்கிறேன். பள்ளம் பள்ளமாகவே இருக்கட்டும்.

*

சரம் நிறைந்துவிட்டால் என்ன செய்வது? கடைக்காரர்கள் இன்னொரு சங்கிலி வாங்கச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு மூத்த பெண்மணி வேறு வழி வைத்திருந்தார். சரம் நிறைந்த பிறகு, ஒவ்வொரு புது மணி வரும்போதும், பழைய மணி ஒன்றைக் கழற்றி யாருக்காவது கொடுத்துவிடுவார். அது யார் கொடுத்தது, எந்தச் சமயத்தில் வந்தது என்று சொல்லியே கொடுப்பார். பரிசாக வந்ததைப் பிறருக்குக் கொடுப்பது கொடுத்தவரை அவமதிப்பது என்று நம்மில் ஒரு எண்ணம் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பெண்மணியிடமிருந்து எனக்கு வந்த மணி, அவருடைய ஹாஸ்டல் தோழி ஒருவர் கொடுத்தது. அந்தத் தோழியை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அந்தத் தோழியின் கையெழுத்து சாய்வாக இருக்கும் என்பதும், மழைக்காலத்தில் மூச்சிரைப்பு வரும் என்பதும் எனக்குத் தெரியும்.

*

அப்பா போன பிறகு அம்மாவின் தாலிச் சரத்தில் இருந்த தங்கக் குண்டுகள் பீரோவில் ஒரு மஞ்சள் துணியில் இருந்தன. எங்கள் வழக்கத்தில் கல்யாணத்தன்று சரம் நிறைந்துவிடாது. சில மாதம் கழித்துத் தாலி பிரித்துக் கோக்கும்போது குண்டு, காசு, பவளம் எல்லாம் சேரும். எது சேரும் என்பது சமூகத்துக்குச் சமூகம் மாறும். பிறகும் கையில் காசு வரும்போது, பிள்ளை பிறந்தபோது, மாமியார் மனது வைத்தபோது என்று அம்மாவின் சரத்தில் குண்டு கூடிக்கொண்டே வந்தது. ஒவ்வொன்றும் எப்போது வந்தது என்று அம்மா இப்போதும் சொல்வாள்.

உருக்கி மோதிரமாக்கலாம் என்று பேச்சு வந்தது. பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். அம்மா மாட்டேன் என்றுவிட்டாள். பேத்திகளுக்கு ஆளுக்கொன்று கொடுக்க வேண்டும், குண்டாகவே கொடுக்க வேண்டும். கழற்றின பொருளைக் கல்யாணமாகாத பெண்ணுக்குக் கொடுப்பதா என்று சித்தி கேட்டாள். அம்மா குரலை உயர்த்தவில்லை. "அந்த மனுஷன் ஆசையா வாங்கிப் போட்டது. அதுல என்ன தோஷம் இருக்கு?" என்றாள். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

தங்கை மகள் தன்னுடைய குண்டை அந்த வெள்ளிச் சங்கிலியில் கோத்துக்கொள்ள ஆசைப்பட்டாள். முடியவில்லை. குண்டின் துளை நூலுக்கானது. சங்கிலி அதில் நுழையாது. துளையைப் பெரிதாக்கித் தருகிறீர்களா என்று ஆசாரியிடம் கேட்டோம். அவர் குண்டை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். மேலே மெல்லிய தங்கத் தகடு, உள்ளே அரக்கு. சூடு காட்டினால் அரக்கு வழிந்துவிடும், துளைத்தால் ஓரம் கிழியும்.

அம்மாதான் பருத்தி நூலைத் திரித்து, மஞ்சள் தடவி, குண்டை அதில் கோத்து அவள் கையில் கட்டினாள். மேலே வெள்ளியும் கண்ணாடியும், கீழே நூலில் ஒற்றைத் தங்கக் குண்டு. "வெள்ளி மாதிரி இது கெடக்காது தாயி. தண்ணி படும், நைஞ்சுரும். வருஷா வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு நூல மாத்தணும்" என்றாள்.

"நீங்க மாத்திக் குடுங்க ஆச்சி."

"இங்க வந்தாத்தானே மாத்தலாம்?"

ஆடிப் பதினெட்டு ஆகஸ்ட் முதல் வாரத்தில் வரும். சிங்கப்பூர் தேசிய நாள் விடுமுறை 9ஆம் தேதி. இரண்டுக்கும் நடுவே உள்ள வேலை நாட்களுக்கு மட்டும் லீவு போட்டால் போதும் என்று அவள் போனில் காலண்டரைத் திறந்து கணக்குப் பார்த்தாள். திருநெல்வேலிக்கு ரயில் முன்பதிவு எந்தத் தேதியில் திறக்கும் என்று என்னிடம் கேட்டாள்.